தூங்கியவர் கேட்ட கேள்வி

பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வாசல் பலகையில் ‘சேர்வியல், கோட்டுருவியல், உகப்பாக்கம்: வாராந்திர ஆய்வுரை’ என்று எழுதியிருந்தது. மூன்றும் பல்லை உடைக்கிற வார்த்தைகள். பயந்துகொண்டே உள்ளே போனால், ஒருவர் கரும்பலகையில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இதற்கா இத்தனை அலட்டல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். பேசுகிறவர் சொல்வது ஒருவருக்கும் புரியவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. ஆனால் பதினாறு பேர் புரிந்த மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் நானும் ஆட்டவில்லை.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பத்து வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவியாள். சம்பளம் குறைவு, திட்டு அதிகம்.

எங்கள் இருவருக்கும் நடுவில், எங்களிடம் வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். ஆராய்ச்சி மாணவி. ஒல்லியாக இருப்பாள், சுருக்கென்று பேசுவாள் என்பதால் சக மாணவர்கள் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று ஊசி பேசவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கதை இதுதான். ஓர் ஊரில் நிறையத் தெருக்கள், நிறைய முனைகள். முனைகளில் காவலாளிகளை நிறுத்த வேண்டும். எல்லாத் தெருவும் யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை காவலாளிகள் போதும்? சில வகை ஊர்களுக்கு இந்தக் கேள்விக்கு யாரிடமும் விடை இல்லாமல் இருந்தது. ஊசி ஐந்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு விடை கண்டுபிடித்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, இதே அறையில் அதைப் பற்றி உரையாற்றினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரமே இடி விழுந்தது. அவள் பேசியதற்குப் பதினொரு நாள் முன்னதாகவே, எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்து ஆசாமி அதே விடையை இணையத்தில் கட்டுரையாகப் போட்டிருந்தாராம். ‘என்னிடமிருந்து திருடிவிட்டாள்’ என்று புகாரும் அனுப்பியிருந்தார். இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. திருட்டு என்று முடிவானால் அவளுடைய பதிவு ரத்து. அதற்கப்புறம் எந்தப் பல்கலைக்கழகமும் அவளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

“நீ நிஜமாவே எடுக்கலையேம்மா?” என்று நேற்று அண்ணி கேட்டார்.

“எடுத்திருந்தா உங்ககிட்ட ஏன் அக்கா வர்றேன்? பேசாம வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்திருப்பேன்” என்றாள் ஊசி. அந்தப் பதில் அண்ணிக்குப் பிடித்துவிட்டது.

ஆகவேதான் இந்த ஆய்வுரைக்கு வந்தோம். திருடியவன் வெளியில் இருந்தாலும் எடுத்துக் கொடுத்தவன் உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது அண்ணியின் கணக்கு. உள்ளே இருப்பவர்களை ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தேன். முதல் வரிசையில் ஒருவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குச் சின்னத் தலையணை வேறு.

“யார் இந்த மகானுபாவர்?” என்று ஊசியிடம் கிசுகிசுத்தேன்.

“மெதுவாப் பேசுங்க. அவர்தான் பெரியவர். எங்க துறையிலேயே மூத்த பேராசிரியர். இன்னிக்கு என் விசாரணைக்கும் அவர்தான் தலைவர்.”

“நல்லதாப் போச்சு. விசாரணையிலும் தூங்கினார்னா நீ எழுந்து போயிடலாம்.”

“தம்பி, வாயை மூடு” என்றார் அண்ணி.

உரை முடிந்தது. கேள்வி நேரம். அதுவரை குறட்டையின் விளிம்பில் இருந்த பெரியவர் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“இதை முடிவிலி வரைக்கும் கொண்டு போனா, அப்பவும் நிக்குமா?”

மேடையில் இருந்தவர் உருகிப் போனார். “அருமையான கேள்வி, ஐயா! ஆழமான கேள்வி!” என்றார். பதினாறு பேரும் கை தட்டினார்கள். பெரியவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் அசந்துவிட்டேன். தூக்கத்திலேயே கேட்டு, தூக்கத்திலேயே புரிந்துகொண்டு, எழுந்ததும் ஆழமான கேள்வி! படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பின்வரிசையில் கேமராவின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இந்த உரைகளையெல்லாம் படம் பிடித்துச் சேமித்து வைப்பது அவர் வேலை. அண்ணி நேராக அவரிடம் போனார்.

“எதுக்கும்மா சிரிக்கிறீங்க?”

“பதினாலு வருஷமா வாராவாரம் பாத்துட்டிருக்கேன். ஒவ்வொரு வாரமும் இதே தூக்கம், இதே கேள்வி. கேன்டீன்காரர் வந்து அடுப்பைப் பத்திப் பேசினாலும் முடிவிலிக்குத்தான் போவாரு.”

“யாரும் கண்டுபிடிக்கலையா?”

“கண்டுபிடிக்க அவங்க முழிச்சிருக்கணுமே!”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. “பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட வேற கேள்வி கேட்டதில்லையா?”

கேமராக்காரம்மா யோசித்தார். “ஒரே ஒரு தடவை. இதோ, இந்தப் பொண்ணு பேசினப்போ. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.”

ஊசியின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. “ஆமாக்கா! எல்லாருக்கும் அந்த முடிவிலிதான். என்கிட்ட மட்டும் நிஜமான கேள்வி கேட்டாரு. நானும் டக்குன்னு பதில் சொன்னேன். அன்னிக்கு அம்மாவுக்கு போன் பண்ணி ஒரு மணி நேரம் அதையேதான் பேசினேன். அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, ஆனா அழுதுட்டாங்க.”

அண்ணி அவளையே பார்த்தார். பிறகு கேமராக்காரம்மாவிடம், “அந்தப் பதிவைப் பாக்கலாமா?” என்றார்.

பதிவறை ஒரு குளியலறை அளவு இருந்தது. நான்கு பேரும் நின்றுகொண்டேதான் பார்க்க முடிந்தது. திரையில் ஊசி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான்காம் பகுதி முடியும்போது யாரோ மணி அடித்தார்கள். நேரம் போதாததால் ஐந்தாம் பகுதியைச் சொல்ல முடியவில்லை என்று திரையில் இருந்த ஊசி வருத்தத்தோடு கையைக் கூப்பினாள். பெரியவர் எழுந்தார்.

“அந்த ஒட்டகத்தோட கழுத்துல நிக்கிற காவலாளிய எடுத்துட்டா, மிச்சத் தெருவை யாரு பாக்கிறது? அந்த இடத்தை எப்படிச் சமாளிச்சே?”

திரையில் ஊசி துள்ளிக் குதிக்காத குறையாகச் சாக்பீஸை எடுத்தாள். ஐந்து நிமிஷம் பலகையில் எழுதி எழுதி விளக்கினாள்.

“நிறுத்துங்க” என்றார் அண்ணி. “ஒட்டகமா? கணக்குல ஒட்டகம் எங்கேருந்து வந்துச்சு?”

“அது ஒரு படம்க்கா. புள்ளியும் கோடுமாப் போட்டா ரெண்டு திமிலும் கழுத்துமா இருக்கும். நாங்க எல்லாருமே படங்களுக்குப் பேர் வைப்போம். பட்டாம்பூச்சி, சக்கரம், பட்டம்னு நெறைய இருக்கு. நான் என் நோட்டுல அதுக்கு ஒட்டகம்னு…”

அப்படியே நின்றுவிட்டாள்.

“சொல்லு.”

“நோட்டுல மட்டும்தான்க்கா. ஸ்லைடுல அந்தப் பேர் இல்ல. ஆராய்ச்சியில மிருகமெல்லாம் வேண்டாம்னு கைடு எடுக்கச் சொல்லிட்டார். ‘வகை மூன்று’ன்னுதான் போட்டிருந்தேன். அதுவும்…” அவளுக்குக் குரல் இறங்கியது. “அதுவும் அஞ்சாம் பகுதியிலதான் வருது. அதை நான் காட்டவே இல்லையே.”

“அந்த ஆசாமியோட கட்டுரையில?”

“அதுலயும் ‘வகை மூன்று’தான்.”

நான் விசில் அடிக்கப் போனேன். அண்ணி முறைத்ததால் காற்று மட்டும் வந்தது.

“காட்டாத படத்தை, யாருக்கும் தெரியாத பேரைச் சொல்லிக் கேட்டிருக்கார்” என்றார் அண்ணி. “அவர் கேக்கும்போது உனக்குத் தோணலையாம்மா?”

“தோணலையே. பெரியவர் என்னை மதிச்சுக் கேக்கிறாருன்னு தலைகால் புரியாம நின்னேன். சீ! நான் ஒரு மக்கு.” கண்ணில் தண்ணீர் முட்டியது. அழவில்லை. சுவரில் ஓர் அடி அடித்தாள். கேமராக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நோட்டு யார் கைக்கெல்லாம் போச்சு?”

“என் பையைவிட்டு நகரலை. உரைக்கு ஒரு மாசம் முன்னாடி கைடு நாலு நாள் வாங்கி வெச்சிருந்தார். அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா.”

“யாருமே அப்படிப்பட்டவங்க இல்லதான்” என்றேன் நான்.

அண்ணி ஊசியிடம் வேலை ஒன்று கொடுத்தார். “நீ போய் அந்தக் கட்டுரையை அச்செடுத்துட்டு வா. புகாரோட வெச்சிருக்கிறது மட்டும் போதாது. மொதல்ல என்னிக்குப் போட்டாங்க, அப்புறம் திருத்திப் போட்டாங்களா, எல்லாமே வேணும்.” அவள் ஓடினாள். அவளை வைத்துக்கொண்டு கைடைப் பார்க்க அண்ணிக்கு விருப்பமில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கைடின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. வெயில் கொளுத்துகிற பிற்பகலில் மனுஷர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பலகை நிறையச் சூத்திரங்கள். பார்த்தால் பயம் வரும். கிட்டே போய் விரலால் தொட்டேன். ஒட்டடை வந்தது. போன வருஷம் எழுதி, வருகிறவர்கள் பார்ப்பதற்காக அழிக்காமல் வைத்திருந்தார்.

“அவ நல்ல பொண்ணு” என்றார் கோட்டுக்காரர். “ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? நான் என்ன செய்ய முடியும்?”

“ஒரே ஒரு உதவி சார்” என்றார் அண்ணி. “இவன் என் கொழுந்தன். கொஞ்சம் மந்தம். அஞ்சாம் பகுதியில அந்தக் கழுத்து விஷயத்தை இவனுக்குப் புரியிற மாதிரிச் சொல்லிக் குடுங்களேன்.”

மந்தம் என்றதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

கோட்டுக்காரர் எழுந்தார். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தார். மூன்று புள்ளி வைத்தார். ஒரு கோடு போட்டார். அழித்தார். “அதாவது… இது வந்து… பார்த்தாலே தெரியுமே” என்றார்.

“எனக்குத் தெரியல சார்” என்றேன். உண்மையும் அதுதான்.

“எளிதில் விளங்கும்.”

“விளங்கலையே சார்.”

வியர்த்துவிட்டது அவருக்கு. அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “உங்களுக்கும் புரியல, இல்லையா?”

கோட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“நாலு பகுதி வரைக்கும் புரிஞ்சுது. அஞ்சாவது பிடிபடல. மூணு நாள் உக்காந்தேன். ஒரு வாத்தியார் மாணவிகிட்டப் போய் எனக்குப் புரியல, சொல்லிக் குடும்மான்னு கேக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. நோட்டை நகல் எடுத்தேன். பெரியவர்கிட்டக் குடுத்து, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கன்னேன். ஒரு வாரம் கழிச்சு ‘பிரமாதம்’னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டார்.”

“அஞ்சு வருஷம் உழைச்ச பொண்ணு நடுத்தெருவுல நிக்கப் போறா. இதை நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“சொன்னா, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கேன்னு ஆயிடுமே.”

கணக்கு புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். அதற்காக ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒட்டடைப் பலகையை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

“நாலு மணிக்கு இதை அங்கே வந்து சொல்லுவீங்களா?”

“கண்டிப்பாச் சொல்றேன். இது சத்தியம்” என்று நெஞ்சில் கை வைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணி, “சொல்ல மாட்டார்” என்றார்.

மாடிப்படியில் ஊசி மூச்சிரைக்க வந்தாள். கையில் இரண்டு கட்டுத் தாள். “ரெண்டு தடவை போட்டிருக்காங்கக்கா. முதல் தடவை நான் பேசறதுக்குப் பதினொரு நாள் முன்னாடி. அப்புறம் திருத்தி ரெண்டாவது தடவை. அது நான் பேசின புதன்கிழமைக்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமை. புகாரோட ரெண்டாவதைத்தான் வெச்சிருக்காங்க.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஒரே ஒரு இடம்தான்.” அவள் படியிலேயே உட்கார்ந்து இரண்டையும் அருகருகே விரித்தாள். “முதல்ல போட்டதுல கழுத்து வர்ற இடத்துல, ‘இது எளிதில் விளங்கும்’னு ஒரே வரி. எங்க தொழில்ல அப்படி எழுதினா, எழுதினவனுக்கே விளங்கலைன்னு அர்த்தம். திருத்தினதுல அதே இடத்துல அரைப் பக்கம் விளக்கம். அது…” மேலே படித்தாள். விரலை அந்த வரியில் வைத்தாள். “அது நான் பலகையில எழுதினது. அன்னிக்கு அவசரத்துல சுத்தி வளைச்சு எழுதிட்டேன், ரெண்டு வரியில முடிச்சிருக்கலாம். அந்தச் சுத்து வழியே அப்படியே இருக்கு.”

அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பதினாலு வருஷம் தூங்கினவர் அன்னிக்கு ஏன் முழிச்சார்னு இப்பத் தெரியுதா? உன்னை மதிச்சு இல்லம்மா. திருடிட்டாங்க, ஆனா அந்த ஒரு இடம் திருடினவனுக்கும் புரியல, எடுத்துக் குடுத்தவருக்கும் புரியல. பொருளுக்குச் சொந்தக்காரிகிட்டயே கேட்டு வாங்கிட்டாங்க. நீயும் எல்லார் முன்னாடியும் சந்தோஷமா எடுத்துக் குடுத்துட்டே.”

ஊசி இரண்டு கட்டுகளையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிண்டல் எதுவும் செய்யவில்லை. எனக்குக்கூடச் சில சமயம் வாயை மூடத் தெரியும்.

“அந்த ஆசாமிக்கும் பெரியவருக்கும் என்ன சம்பந்தம் அண்ணி?” என்று கடைசியில் கேட்டேன்.

“அதுதான் தெரியல. மணி மூணே முக்கால். நடங்க.”

விசாரணை பெரியவரின் சொந்த அறையிலேயே நடந்தது. பெரிய மேஜை, அதற்குப் பின்னால் அவர். வலது பக்கம் வேதியியல் துறையிலிருந்து வந்த பேராசிரியை. இடது பக்கம் மூன்றாவது உறுப்பினர். அவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டதைத் தவிர விசாரணைக்கு வேறெந்தப் பங்களிப்பும் செய்யவில்லை. மாணவிக்கு ஒரு துணை அனுமதி உண்டு என்று விதி இருந்ததால் அண்ணி உட்கார்ந்தார். கோப்பு தூக்குகிறவன் என்று சொல்லி நானும் நுழைந்துவிட்டேன். கோட்டுக்காரர் ஓரமாக நின்றார்.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்” என்றார் பெரியவர். இப்போது தூக்கக் கலக்கமே இல்லை. “புகார் குடுத்தவரை நான் பாத்ததில்ல, பேசினதில்ல. இந்தப் பொண்ணு மேலயும் எனக்கு வருத்தமில்ல. நான் நடுநிலை.”

அண்ணி பதிவைப் போட்டுக் காட்டினார். ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னார். வேதியியல் பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியவர் சிரித்தார். “பசங்க வராந்தாவுல பேசிட்டுப் போறது காதுல விழும். ஒட்டகம்னு எவனாவது சொல்லியிருப்பான்.”

“இவளோட நோட்டு உங்க கைக்கு வரலையா?”

“இல்லவே இல்ல. இதோ கைடே நிக்கிறாரே, கேளுங்க.”

எல்லோரும் கோட்டுக்காரரைப் பார்த்தோம். ஊசியும் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்படி யாருக்கும் குடுத்ததா… எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றார்.

சத்தியம் பண்ணி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அதிகம் நொந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணி இரண்டு தாள்கட்டுகளையும் மேஜையில் வைத்துத் தேதிகளைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

“ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையைத் தானே திருத்தறது குத்தமா? வெள்ளிக்கிழமை திருத்தியிருக்கார். அது தற்செயல்.”

வேதியியல் பேராசிரியை பெருமூச்சு விட்டார். “எனக்கும் சந்தேகம் வருதும்மா. ஆனா சந்தேகத்தை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது. இவருக்கும் அவருக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டுங்க. இல்லன்னா முதல் தேதி அவரோடது, அவ்வளவுதான்.”

“சரிங்க” என்றார் அண்ணி. தோற்றுப்போன முகம். எனக்கே பாவமாக இருந்தது. “கடைசியா ஒண்ணு. புகார் குடுத்தவர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டுக்கலாமா? அவரோட நம்பர் புகார்லயே இருக்கு.”

“நியாயம்தானே?” என்றார் வேதியியல் பேராசிரியை. “ஐயா, கூப்பிடுங்க.”

“என் செல்போன்ல சார்ஜ் இல்ல” என்றார் பெரியவர் சட்டென்று. “உங்கள்ல யாராவது உங்க போன்ல கூப்பிடுங்க.”

“எதுக்கு ஐயா சிரமம்? இது இருக்கே” என்று அண்ணி அவருடைய மேஜைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்பீக்கரை அழுத்தினார். நம்பரைத் தட்டினார்.

பெரியவர் பாதி எழுந்துவிட்டார். “அதுல வெளியூருக்கெல்லாம் போகாதும்மா. வெச்சிடுங்க. அதை வெச்சிடுங்கன்னு சொல்றேன்ல!”

போயிற்று. இரண்டு முறை மணி அடித்தது. மறுமுனையில் எடுத்தார்கள்.

“சொல்லுங்க மாமா! முடிஞ்சுதா? அந்தப் பொண்ணை அனுப்பியாச்சா? உங்க மக காலையிலேருந்து எத்தனை மணிக்கு முடியும், எத்தனை மணிக்கு முடியும்னு என் உசிரை வாங்கறா.”

பிஸ்கட்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

‘பாத்ததில்ல, பேசினதில்ல’ என்று சொன்ன மனுஷர் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பார்க்க அத்தனை கேவலமாக இருந்தது. மகளைக் கட்டிய மருமகனுக்கு, இந்தக் கட்டுரையை வைத்து ஒரு பதவி உயர்வு. அதற்கு விலை இன்னொரு வீட்டுப் பெண்ணின் ஐந்து வருஷம்.

“மாமா? லைன்ல இருக்கீங்களா?”

ஊசி எழுந்தாள். தொலைபேசியின் மேல் குனிந்தாள்.

“மாமா இருக்கார். இன்னும் என்னை அனுப்பலை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அஞ்சாம் பகுதியில கழுத்துக் காவலாளியை எடுத்ததும் ரெண்டு திமிலையும் சேர்த்து எண்றீங்களே, ஏன் சேர்த்து எண்ணணும்? தனித்தனியா எண்ணினா என்ன தப்பு வரும்? உங்க கட்டுரைதானே, சொல்லுங்க.”

ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது.

“சும்மா சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் இப்பவே எழுந்து வீட்டுக்குப் போயிடறேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

“தெரியாதவனா இருந்தா, இந்த நம்பரைப் பாத்து ஹலோ, யாருங்கன்னு கேட்டிருப்பான்” என்று அண்ணி வேதியியல் பேராசிரியையிடம் சொன்னார். “இந்த மேஜையிலேருந்து அவனுக்கு போன் பண்றது ஒரே ஒருத்தர்தான்.”

வேதியியல் பேராசிரியைக்குக் கோபத்தில் கழுத்து வரை சிவந்துவிட்டது. தாளை இழுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். புகார் பொய்யானது. கண்டுபிடிப்பு முழுக்க மாணவியுடையது. பதிவு தொடரும். தலைவர் மீதும் நெறியாளர் மீதும் தனி விசாரணை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு பிஸ்கட்காரர் பக்கம் தள்ளினார். அவரும் விரலைத் துடைத்துக்கொண்டு போட்டார்.

பிறகு அவர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். “தலைவர் கையெழுத்து இல்லாம இது செல்லாதுங்க. விதி அப்படி. இவரை மாத்திட்டுப் புதுத் தலைவர் போட மூணு மாசம் ஆகும்.”

“இன்னும் மூணு மாசம் நான் திருடியா இருக்க முடியாது” என்றாள் ஊசி.

கோட்டுக்காரர் ஓரத்திலிருந்து, “எனக்கு இப்பத்தான் லேசா ஞாபகம் வருது…” என்று ஆரம்பித்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊசி தாளை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் பெரியவர் பக்கம் போனாள். அவர் முன்னால் வைத்தாள்.

“ஐயா, நீங்க கேள்வி கேட்ட அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உலகத்துலயே ஒருத்தராவது என் வேலையைப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். இனிமே யாராவது என்கிட்ட நல்ல கேள்வி கேட்டா, எதுக்குக் கேக்கிறான்னுதான் மொதல்ல தோணும். அதைத் திருப்பித் தர உங்களால முடியாது. கையெழுத்தாவது போடுங்க.”

பெரியவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத் தேடினார். அண்ணி தன் பேனாவைக் கொடுத்தார். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. தாளை அவளிடம் தள்ளினார்.

ஊசி அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். திரும்ப அவர் முன்னாலேயே வைத்தாள்.

“தேதி போடுங்க, ஐயா.”